முடிஞ்சுதா பொத்தான்

துறைமுகக் கணக்கு அறையில் எல்லோரும் அவளைப் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது. ஒரு எண்ணில் தசமப் புள்ளி எங்கே நிற்கிறது என்பது அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கிண்டலுக்கு வைத்தவர்களே போகப் போக அதை மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்றைக்குச் சட்டைப் பையில் கிடக்கிற போனுக்கு மூன்றரையை இரண்டேகாலால் வகுப்பது ஒரு வேலையே இல்லை. அதற்கென்றே உள்ளே ஒரு பகுதி உட்கார்ந்திருக்கிறது. அவள் காலத்துக் கணக்கு மெஷின் ஒரு சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் முழு எண்களைக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், அவ்வளவுதான். மூன்றரை என்று சொன்னால் திருதிருவென்று விழிக்கும். அந்தப் பெரிய உடம்புக்கு இவ்வளவுதான் படிப்பா என்று வந்து பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். அவளுக்கோ அதன் மேல் கோபமே வந்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற ஆளிடம் வேலை பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

ஆகவே புள்ளிக் கணக்கு முழுவதையும் அவளே அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். எண்ணின் இலக்கங்களை ஒரு இடத்தில் வைத்துக்கொள், புள்ளி எங்கே என்பதை இன்னொரு இடத்தில் வைத்துக்கொள், கூட்டுவதற்கு முன்னால் இரண்டு எண்களின் புள்ளியையும் நேருக்கு நேர் நிறுத்து. இப்படி ஒவ்வொன்றாக. பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டல். வகுத்தல் என்றால் திரும்பத் திரும்பக் கழித்தல். வகுத்தலுக்கு மட்டும் பாதிக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ள மெஷினின் நினைவில் ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருந்தாள். அதைச் சிலேட்டு என்பாள். நினைவு இடம் அவ்வளவு தட்டுப்பாடு. ஒரு சிலேட்டுக்கு மேல் கட்டுப்படியாகாது.

எல்லாம் எதற்காக என்றால், கடலுக்காக. அந்தத் துறைமுகத்தின் வாயில் ஒரு மணல்மேடு உண்டு. நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் பெரிய கப்பல்கள் அதைத் தாண்டி உள்ளே வர முடியும். எந்த நாள், எந்த நேரத்தில், எத்தனை அடி ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுவார்கள். அந்தக் கணக்கைத்தான் மெஷின் நாள் கணக்கில் உட்கார்ந்து போடும். ஆரம்பத்தில் நடந்த கூத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். புள்ளியை ஓரிடம் தள்ளி நிறுத்திவிட்டதால், அடுத்த வாரம் கடல் மலை உயரத்துக்கு ஏறும் என்று மெஷின் கூசாமல் அடித்துத் தந்தது. டீ கொண்டு வருகிறவர் அதைப் படித்துவிட்டு, "நான் வேணா மாடியில கடை போட்டுக்கவா?" என்று கேட்டார்.

பிழை தேடுவதற்கு அவளுக்குத் துணை ஒரு பழைய ரேடியோ. மெஷினின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். பாட்டுக் கேட்க அல்ல. எந்த நிலையத்திலும் நிற்காமல் முள்ளை நடுவில் விட்டுவிட்டால், மெஷின் உள்ளே செய்கிற வேலை ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கும். பெருக்கல் என்றால் வண்டு சுற்றுவது போல ஒரு ரீங்காரம். வகுத்தல் என்றால் குறட்டை மாதிரி ஒரு நீண்ட இழுப்பு. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் நெடுநேரம் பெருக்கல், கடைசியில் ஒரே ஒரு வகுத்தல். ரீங்காரம், ரீங்காரம், இழுப்பு; கூடவே மாட்டியிருக்கிற தட்டச்சு மெஷின் விடையை ஒரு வரியாக அடிக்கும்; மறுபடி ரீங்காரம். கணக்கு எங்காவது சிக்கிச் சுற்ற ஆரம்பித்தால் ஒரே சுருதியில் நின்றுவிடும். அவள் பேப்பர் படித்துக்கொண்டே, "அடடா, மாட்டிக்கிச்சு," என்று எழுந்து வருவாள். பின்னாளில் வந்த மெஷின்களில் ரேடியோவை வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே உஸ். எது பெருக்கல், எது வகுத்தல் என்று காதுக்குப் பிடிபடவே இல்லை. அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அறையின் அதிகாரி நல்ல மனுஷர், பொறுமை மட்டும் கிடையாது. கதவைத் திறக்கும்போதே "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டுதான் திறப்பார். காலையில் கேட்பார், சாப்பாட்டுக்கு முன்னால் கேட்பார், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வந்து கேட்பார். அவருக்கு முடிஞ்சுதா சார் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன புள்ளியம்மா, மெஷினில் சும்மா கிடந்த ஒரு பொத்தானுக்கு வேலை கொடுத்தாள். அதை அழுத்தினால் கணக்கு ஒரு கணம் நின்று, நூற்றுக்கு எவ்வளவு முடிந்திருக்கிறது என்று விளக்குகளில் எண்ணைக் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். சாருக்கு வாயெல்லாம் பல். அவர் மட்டுமா? டீ கொண்டு வருகிறவர் அழுத்துவார், வரைபடக்காரர் போகிற போக்கில் அழுத்துவார், வீட்டுக்குக் கிளம்பும்போது அவளே அழுத்திப் பார்ப்பாள். முடிஞ்சுதா பொத்தான் என்று அதற்கும் பெயர் வந்தது. அந்த அறைக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான்.

மெஷின் அடித்துத் தந்த தாள்கள் பக்கத்துத் தெரு அச்சகத்துக்குப் போகும். அங்கே எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர்தான் புள்ளியம்மாவின் கணவர். அவள் கணக்குத் தாளைக் கொடுக்கப் போய், எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசி, அப்படியே கல்யாணத்தில் முடிந்த சமாச்சாரம். எண்களைக் கோப்பதில் அவருக்கு நிகர் அவர்தான் என்று அச்சகத்து போர்மேனே சொல்வார். "நான் சொன்னா ஒரு புள்ளிகூட மாத்தாம கேக்கற புருஷன் யாருக்குக் கிடைப்பாரு?" என்று அவள் அலுவலகத்தில் பீற்றிக்கொள்வாள். அவர் பேச்சே குறைவு. சாயங்காலம் இருவரும் நடந்தே வீட்டுக்குப் போவார்கள். அவர் விரல்நுனியில் மை, அவள் காதில் இன்னும் ரீங்காரம்.

அந்த வருஷப் புத்தகம் வந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை, கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்று புத்தகத்தில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழைந்து, மணல்மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் அடியில்லை. அடுத்த ஏற்றத்தில் இழுத்துவிட்டார்கள். ஆனால் துறைமுகத் தலைவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராகக் கணக்கு அறைக்கு வந்தார். அன்றைய வரியில் ஒன்பது அடி என்று இருந்தது. கடல் ஏறியதோ ஏழு அடிதான்.

"மெஷின்ல தப்பு வராதுங்க," என்றாள் புள்ளியம்மா, அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள். அந்த மாதக் கணக்கை உடனே மறுபடி ஓட்டினாள். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மெஷின் ஏழு என்று அடித்தது. இன்னொரு தரம் ஓட்டினாள். ஏழு.

மெஷின் ஏழு என்கிறது, புத்தகத்தில் ஒன்பது இருக்கிறது என்றால், நடுவில் கை வைத்தது யார்? துறைமுகத் தலைவர் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. அவளுக்கும்தான். முகத்தில் ஈயாடவில்லை. தன் வாயாலேயே தன் கணவரை மாட்டிவிட்டுவிட்டோம் என்று உறைத்தபோது, மெஷின் மூன்றாம் தரமும் ஏழு என்று அடித்து முடித்திருந்தது.

அச்சகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மெஷின் அடித்துத் தந்த தாளும் இல்லை. அச்சானதும் அந்தத் தாள்களைக் கிழித்து எழுத்தில் மை துடைப்பது அங்கே வழக்கம். பிழை திருத்துகிறவர் அந்தச் சமயம் காய்ச்சலில் படுத்திருந்ததால், கோத்தவரே சரிபார்த்திருந்தார். போர்மேன் அவரைக் கூப்பிட்டு, "தப்பு உன் கையிலதானா?" என்று கேட்டார். "நடந்திருக்கலாம்," என்றார் கம்பாசிட்டர். அவ்வளவுதான் சொன்னார். விசாரணை முடிகிற வரைக்கும் கோக்க வேண்டாம் என்று, அச்சான எழுத்துகளைப் பிரித்துப் பெட்டிகளில் போடுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற வேலை அது. விசாரணைக்குப் பிறகு அந்த வேலையும் இருக்காது என்று பேச்சு அடிபட்டது.

வீட்டில் பேச்சு நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. அவள் தட்டு வைத்தாள், அவர் சாப்பிட்டார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தப்பு செய்துவிட்ட கூச்சம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாவம், கேட்டு நோகடிக்கக் கூடாது என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் தன் குடும்பம் வந்து மாட்டிக்கொண்டதே என்று பாத்திரம் கழுவும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவரை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். தட்டச்சு மெஷினின் ஏழு சில சமயம் மங்கி ஒன்பது போலத் தெரியுமோ என்று ஒரு யோசனை வந்தது. தெரிந்தால் பழி பாதியாவது குறையுமே. அதற்காகக் கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். கதவில் 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். அவளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தாளிலும் ஏழு பளிச்சென்று, குழந்தைகூடப் படிக்கும்படி விழுந்தது. ஏழு பளிச்சிடப் பளிச்சிட அவருடைய கதை முடிந்துகொண்டே வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெஷின் ஒரு தப்புச் செய்யாதா என்று ஏங்கினாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் கதவு மெல்லத் திறந்தது. முடிஞ்சுதா சார். வழக்கமான கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சாப்பிடும்மா," என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்தினார்.

ரேடியோ விக்கியது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். இழுப்பு நடந்துகொண்டிருந்தது, நடுவில் வெட்டுப்பட்டது, இன்னொரு குட்டி இழுப்பு வந்தது, பழைய இழுப்பு பாதி மூச்சில் முடிந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

"சார், என்ன பண்ணீங்க?"

"ஐயையோ, ஒண்ணும் பண்ணலையேம்மா! எவ்வளவு முடிஞ்சுதுன்னு சும்மா…"

தட்டச்சு மெஷின் வரியை அடித்தது. அவள் தாளை இழுத்து, காலையில் ஓட்டிய தாளோடு வைத்துப் பார்த்தாள். எல்லா வரியும் ஒன்றுபோல இருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் கடல் காலைத் தாளில் இருந்ததைவிட இரண்டு அடிக்குமேல் கூடுதலாக ஏறியிருந்தது.

அப்புறம் விளங்க எவ்வளவு நேரம் ஆகும்? நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பதற்கும் ஒரு வகுத்தல் வேண்டும். வகுத்தலுக்கு இருப்பதோ ஒரே சிலேட்டு. கடல் கணக்கின் வகுத்தல் பாதியில் இருக்கும்போது யாராவது பொத்தானை அழுத்தினால், மெஷின் அதே சிலேட்டில் இந்தக் கணக்கையும் எழுதிவிட்டு, பழைய கணக்கை அதன்மேல் தொடர்ந்துவிடும். பெருக்கல் ஓடும்போது அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் அத்தனை பேர் அழுத்தியும் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் கெட்டது. அதைவிடக் கொடுமை, கதவைச் சாத்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு பத்திரமாக ஓட்டினாளே, அந்தப் பத்திரம்தான் தப்பை வெளியே வரவிடாமல் காத்தது.

முதலில் அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த மூச்சிலேயே கண் பொத்தான்மேல் போனது. பொத்தான் அவள் வைத்தது. சிலேட்டு அவள் வைத்தது.

சாருக்கு எடுத்துச் சொன்னபோது அவர் வெளிறிப்போனார். "அப்போ அன்னிக்கு அழுத்தினது நானாத்தான் இருக்குமா?"

"நீங்க, நான், டீ கொண்டு வர்றவர், எல்லாரும்தான் சார் அழுத்தினோம். யாரு எப்ப அழுத்தினாலும் கெடாத மாதிரி செஞ்சிருக்க வேண்டியவ நான்தான்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை வெளியில சொல்லித்தான் ஆகணுமா? போர்மேன் எனக்கு வேண்டப்பட்டவர்தான். நான் பேசறேன். உன் வீட்டுக்காரரை வேலையில வச்சுக்குவாங்க. நம்ம அறை பேரும் கெடாது, உனக்கும் ஒண்ணும் வராது."

"வச்சுக்குவாங்க சார். தப்புப் பண்ணினவர், போனாப் போகுதுன்னுதானே வச்சுக்குவாங்க?"

மறுநாள் துறைமுகத் தலைவரையும் போர்மேனையும் அறைக்கே கூட்டி வந்தது அவர்தான். அந்தப் பெருந்தன்மையை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

மெஷினை ஓடவிட்டு, துறைமுகத் தலைவரையே அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். விளக்கு எண்ணைக் காட்டியது. வரி சரியாக வந்தது. "ஒண்ணும் ஆகலையே?" என்று புருவத்தைத் தூக்கினார். போர்மேன், புருஷனைக் காப்பாற்ற இவள் ஏதோ கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பொறுங்க. நான் சொல்றப்ப அழுத்துங்க."

ரேடியோவின் பக்கம் காதைச் சாய்த்தாள். சுற்றுகிற கயிற்றுக்குள் குதிக்க நேரம் பார்த்து நிற்கிற பிள்ளைகளைப் போல நின்றாள். ரீங்காரம், ரீங்காரம். அடுத்தது இழுப்பு என்று அவள் உடம்புக்கே தெரியும்.

"இப்போ!"

ரேடியோ விக்கியது. கடல் ஏறியது. இன்னொரு முறை கேட்டார்கள், செய்து காட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தாள், பிடிபட்டது தன் கைதான் என்றாலும். துறைமுகத் தலைவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பொத்தானை முதல்ல எடுத்துடுங்கம்மா," என்றார். திட்டுவார் என்று காத்திருந்தாள். கண்டித்து ஒரு கடிதம் வந்தது, பதவி உயர்வு தள்ளிப் போனது, அதெல்லாம் பிற்பாடு.

போர்மேனோடு அவளும் அச்சகத்துக்கு நடந்தாள். கம்பாசிட்டர் மூலையில் நின்று எழுத்துகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். போர்மேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விடுய்யா அதை. போய் உன் இடத்துல நின்னு கோக்கிற வேலையைப் பாரு. தப்பு உன்மேல இல்லை," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

அவள் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் நின்ற அதே அளவு கூச்சம். "நீங்க கோத்தது சரிதாங்க. தாள்லயே ஒன்பதுன்னு தப்பாத்தான் வந்திருக்கு. என் தப்பு," என்றாள்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த எண்ணைக் கோக்கறப்பவே கை நின்னுச்சு. முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்த்தா, இது மட்டும் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. தாளை மறுபடி மறுபடி பார்த்தேன். ஒன்பதுதான்."

"அப்பவே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

"உன் கணக்காச்சே. அதுல போய் நான் என்னத்தைக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

"சரி, போர்மேன் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நடந்திருக்கலாம், நடந்திருக்கலாம்னு எதுக்குச் சொன்னீங்க?"

அவர் விரலில் இருந்த மையைத் துணியில் துடைத்தார். "தாள்லயே தப்பு இருந்துச்சுன்னு சொன்னா, அடுத்த கேள்வி உன்கிட்டத்தானே வரும்?"

அவள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க அழுதாள். மெஷினைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். தட்டச்சு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் உங்களைக் கேக்கவே இல்லையேங்க," என்றாள்.

"இப்பக் கேளு," என்றார் அவர்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "நீங்க தப்பாக் கோத்தீங்களா?"

"இல்லை," என்றார்.